காரை ஓட்டிய மகன் மீது ‘கேங்’ குற்றச்சாட்டு: கலிஃபோர்னியாத் தாய்க்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

வாசகியின் கடிதம் (சுருக்கம்)

கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் இருக்கும் ஒரு நகரத்திலிருந்து எழுதியிருக்கிறார். நர்ஸ் வேலை, கணவருக்கு இரவு ஷிஃப்ட். ஒரே மகனுக்கு 19 வயது, கம்யூனிட்டி காலேஜில் படிப்பு. அவனுக்குக் கீழே ஒரு தங்கை. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.)

சில மாதங்களுக்கு முன் ஒரு ராத்திரி, மகன் தன் காரில் மூன்று நண்பர்களை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். ஒரு வீட்டின் முன் காரை நிறுத்தச் சொன்ன நண்பன், பின் சீட்டிலிருந்தபடி வாசலைப் பார்த்துச் சுட்டான். வாசலில் நின்ற பையனுக்குத் தொடையில் குண்டு பாய்ந்தது, பிழைத்துக்கொண்டான். சுட்டவனுக்கும் குண்டுபட்டவனுக்கும் ஒரு பெண் விஷயமாக முன்பே தகராறு உண்டாம். துப்பாக்கி இருந்ததே தனக்குத் தெரியாது என்கிறான் மகன்.

அவன் மீது கொலை முயற்சி, குடியிருக்கும் வீட்டை நோக்கிச் சுட்டது ஆகிய குற்றச்சாட்டுகள். இவற்றின் மேல், தெருக் குற்றக் கும்பலுக்காகச் செய்தது என்னும் கேங் குற்றச்சாட்டும் துப்பாக்கிக்கான கூடுதல் தண்டனையும். ‘25 ஆண்டு முதல் ஆயுள்வரை’ என்று கோர்ட்டில் வாசித்ததைக் கேட்டதிலிருந்து தூக்கமில்லை என்கிறார். போலீஸ் காட்டும் ஆதாரங்கள்: சிவப்புத் தொப்பியோடு விரல்களை மடக்கிக் காட்டும் இன்ஸ்டாகிராம் படங்கள், நண்பன் எடுத்த ராப் வீடியோவில் பின்னால் நிற்பது, இரண்டு வருடம் முன்பு பூங்காவில் போலீஸ் எழுதிய விசாரணைக் கார்டு, சிறையில் சேர்க்கும்போது “வடக்குப் பசங்க பக்கம் போடுங்க” என்று சொன்னது. சுடுவதற்கு முன் காரிலிருந்து யாரோ “நோர்ட்டே” (ஸ்பானிஷில் ‘வடக்கு’; வடக்குக் கேங்குகளின் கூவல்) என்று கத்தியதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார்.

அரசு வக்கீல் ஒரு ஒப்பந்தம் பேசுகிறார்: கொலை முயற்சியை விட்டுவிடுகிறோம், குற்றத்துக்குப் பிந்தைய உடந்தை என்ற சிறிய குற்றத்தையும் கேங் குற்றச்சாட்டையும் ஒப்புக்கொண்டால் மொத்தம் 4 ஆண்டு. “இதை ஏற்கலாமா? படங்களை மகள் அழித்துவிடலாமா? என் அண்ணன் போய்க் குண்டுபட்ட பையனின் அம்மாவைப் பார்த்துப் பேசலாமா? சிறைக்குப் போன் செய்யும்போது தமிழில் பேசினால் பரவாயில்லைதானே? கிரீன் கார்டு போய்விடுமா?” இவை அவருடைய கேள்விகள்.

பதில்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். விசாரணைக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆனால் அந்த வரிகளில் கேட்டிருக்கும் காரியங்களை இந்த வாரமே செய்துவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது.

படங்களை அழிக்காதீர்கள். மகளிடம் பாஸ்வேர்டு இருக்கிறது என்பதற்காக அவள் அந்தக் கணக்குக்குள் போகவே கூடாது. வழக்குக்குத் தேவைப்படும் என்று தெரிந்தே எதையாவது அழிப்பது கலிஃபோர்னியாவில் தனிக் குற்றம். போலீஸ் கையில் அந்தப் படங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. நீங்கள் அழிப்பதால் அவை மறையப்போவதில்லை, மகளும் சிக்கிக்கொள்வாள், அவ்வளவுதான். உங்கள் வக்கீலுக்கு உதவக்கூடிய மற்ற படங்களும் அதே கணக்கில்தான் இருக்கும்: அதே சிவப்புத் தொப்பியோடு ஃபுட்பால் மேட்ச் பார்க்கிற படம், அதே விரல் சைகையை வகுப்பே சேர்ந்து காட்டுகிற படம்.

உங்கள் அண்ணன் எங்கேயும் போக வேண்டாம். நம் ஊர் வழக்கத்தில் பெரியவர் ஒருவர் போய் ஆஸ்பத்திரிச் செலவை ஏற்றுக்கொண்டு சமாதானம் பேசுவது நல்ல மனதின் அடையாளம். இங்கே இந்த மாதிரி வழக்குகளில் ராஜி என்ற பேச்சுக்கே இடமில்லை. சாட்சியைப் பணம் கொடுத்து மடக்கவோ மிரட்டவோ வந்ததாக எழுதிவிடுவார்கள். அதைவிட மோசம், ‘சாட்சியின் வாயை அடைப்பது’ கேங்குக்குக் கிடைக்கும் ஆதாயங்களில் ஒன்றாகச் சட்டத்திலேயே பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் அண்ணனின் நல்லெண்ணம் அரசுத் தரப்புக்கு ஆதாரமாகிவிடும்.

சிறை போன் பதிவாகிறது. தமிழில் பேசினால் யாருக்குத் தெரியும் என்று நினைக்க வேண்டாம். மொழிபெயர்ப்பாளரை வைத்து எழுத்தில் கொண்டுவர அவர்களுக்கு அதிக நேரம் ஆகாது. சாப்பிட்டாயா, உடம்பு எப்படி, தங்கச்சி பரீட்சை எழுதினாளா, இவற்றோடு நிறுத்துங்கள். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். மற்றப் பையன்களின் பெற்றோரிடமும் அப்படியே.

சுடாதவனுக்கு ஏன் இவ்வளவு தண்டனை?

இது அநியாயம் என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டம் எப்படிக் கோத்திருக்கிறது என்று பார்த்தால், எங்கே அறுக்க வேண்டும் என்பதும் தெரியும்.

கலிஃபோர்னியா தண்டனைச் சட்டத்தின் 12022.53 பிரிவு, துப்பாக்கியைக் காட்டினால் 10 ஆண்டு, சுட்டால் 20 ஆண்டு, சுட்டுப் பலத்த காயமோ மரணமோ ஏற்பட்டால் 25 ஆண்டு முதல் ஆயுள் என்று அடிப்படைத் தண்டனைக்கு மேல் கூட்டுகிறது. சாதாரணமாக இது சுட்டவனுக்கு மட்டும். ஆனால் அதே பிரிவில் ஒரு உட்பிரிவு, கேங் குற்றச்சாட்டும் நிரூபணமானால், குற்றத்தில் பங்குகொண்ட மற்றவனுக்கும் அந்த 25 ஆண்டை நீட்டிக்கிறது. உங்கள் மகன் தலையில் விழுவது அதுதான்.

வீட்டை நோக்கிச் சுட்ட குற்றத்தையும் பாருங்கள். தனியாக நின்றால் 3, 5 அல்லது 7 ஆண்டு. கேங் சேர்ந்தால் 15 ஆண்டு முதல் ஆயுள். ஆக, ஆயுள் என்ற சொல்லின் பெரும்பகுதி கேங் குற்றச்சாட்டு என்ற ஒரே கொக்கியில் தொங்குகிறது. அந்தக் கொக்கி கழன்றால் வழக்கின் உருவமே மாறும்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: உங்கள் மகன் குற்றத்தில் பங்குகொண்டவனா? கார் ஓட்டியது மட்டும் போதாது. நடக்கப்போவது தெரிந்து, உதவும் எண்ணத்தோடு ஓட்டினான் என்று காட்ட வேண்டும். கொலை முயற்சிக்கு இன்னும் ஒருபடி மேலே போய், அவனுக்கும் கொல்லும் நோக்கம் இருந்ததாக நிரூபிக்க வேண்டும். துப்பாக்கி இருந்ததே தெரியாது என்பதை ஜூரி நம்பினால் கேங் பேச்சுக்கே போக வேண்டியதில்லை. காரை நிறுத்தச் சொன்னது யார், சுட்டபிறகு எங்கே ஓட்டிப் போனான், அப்போது போனில் யாருக்கு என்ன மெஸேஜ் அனுப்பினான் என்பவையெல்லாம் அங்கே முக்கியமாகும்.

படங்கள் போதுமா?

போதாது. 2022 ஜனவரி 1-க்குப் பிறகு முன்னைவிடவும் போதாது.

‘கெட்ட சகவாசம் இருந்தாலே கேங்’ என்று நீங்களே நம்பிவிட்டதாகக் கடிதத்தில் தெரிகிறது. சட்டம் சகவாசத்தைத் தண்டிப்பதில்லை. கேங்குகளுக்கான தண்டனைச் சட்டம் 1988-இல் வந்தது, அதில் 186.22 பிரிவை 2021-இல் இயற்றிய ஏபி 333 என்ற திருத்தம் நன்றாக இறுக்கியது. இப்போது அரசுத் தரப்பு, நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல், ஜூரி ஒருமனதாக ஏற்கும்படி நிரூபிக்க வேண்டியவை பல.

முதலில், கேங் என்று ஒன்று இருக்க வேண்டும்: பெயரோ சின்னமோ உள்ள, மூன்று பேருக்குக் குறையாத, தொடர்ந்து இயங்குகிற, ஒழுங்கமைப்பு உள்ள குழு. சட்டத்தில் பட்டியலிட்ட குற்றங்களில் ஒன்றாவது அதன் முக்கியத் தொழிலாக இருக்க வேண்டும். உங்கள் பகுதியில் ‘வடக்கு’, ‘தெற்கு’ என்பவை மாநிலம் முழுக்கப் பரவிய பெரிய குடைப் பெயர்கள். எங்கோ ஒரு தெருக் கூட்டம் செய்த குற்றத்தை எடுத்து இன்னொரு தெருப் பையன்கள் கணக்கில் எழுத முடியாது; இரண்டுக்கும் உண்மையான தொடர்பைக் காட்ட வேண்டும். சாக்ரமென்டோவிலிருந்து போன ப்ரன்ட்டி வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2015-இலேயே இதைச் சொல்லிவிட்டது. நிறமும் எதிரியும் ஒன்றாக இருப்பது மட்டும் தொடர்பாகாது.

அடுத்து, பழைய குற்றங்கள். குறைந்தது இரண்டு, உறுப்பினர்கள் செய்தவை, பிந்தையது முந்தையதற்கும் இப்போதைய சம்பவத்துக்கும் மூன்றாண்டுக்குள் இருக்க வேண்டும். இப்போது வழக்கில் இருக்கும் குற்றத்தையே அந்த இரண்டில் ஒன்றாக எண்ண முடியாது. முன்பு எண்ண முடிந்தது. அந்தப் பழைய குற்றங்கள் கேங்குக்குப் பொதுவான ஆதாயம் தந்திருக்க வேண்டும், அந்த ஆதாயம் வெறும் பேரும் கெத்துமாக மட்டும் இருக்கக் கூடாது. பணம், பழிவாங்கல், எதிர்க் கூட்டத்தைக் குறிவைத்தல், சாட்சியை அடக்குதல் போன்ற ஏதாவது வேண்டும். ஒருவன் கொள்ளையடித்தான், போதைப்பொருள் விற்றான், ஆகவே காசு கேங்குக்குத்தான் போயிருக்கும் என்று ஊகிக்க விடமாட்டோம் என்பதுதான் 2023-இல் கூப்பர் வழக்கில் நடந்தது: ஜூரிக்கு இதைச் சரியாக எடுத்துச் சொல்லாததால் கேங் தீர்ப்பு ரத்தானது. அடுத்த ஆண்டு கிளார்க் வழக்கில், உறுப்பினர்கள் ஆளாளுக்குச் செய்த குற்றங்களை அடுக்கினால் போதாது, அவை குழுவின் கூட்டுச் செயலோடு இணைய வேண்டும் என்றது அதே நீதிமன்றம்.

மூன்றாவது, அந்த ராத்திரி. சுட்டது கேங்கின் ஆதாயத்துக்காகவோ, அதன் ஏவலிலோ, அதனோடு சேர்ந்தோ நடந்ததா? உறுப்பினர்களின் குற்றச் செயலுக்கு உதவும் குறிப்பான நோக்கம் உங்கள் மகனுக்கு இருந்ததா? சுட்டவனின் மனதில் இருந்ததை இவன் கணக்கில் எழுத முடியாது. பெண் விஷயத் தகராறு இங்கேதான் எடை பெறுகிறது. கேங் உறுப்பினனாகவே இருந்தாலும் அவன் சொந்தப் பகைக்குச் சுட்டால் அது கேங் குற்றமல்ல. 2022-இல் ரென்டேரியா வழக்கில் ஒருவன் தனியாக இரண்டு வீடுகளை நோக்கிச் சுட்டான். ‘இப்படிச் சுட்டால் கேங்குக்கு மரியாதை கூடும்’ என்று போலீஸ் நிபுணர் பொத்தாம்பொதுவாகச் சொன்னது போதாது என்று கேங் குற்றச்சாட்டைத் தள்ளினார்கள்.

கேங் டிடெக்டிவ் என்ன சொல்லலாம்?

இந்த வழக்குகளில் முக்கியச் சாட்சி அநேகமாக ஒரு டிடெக்டிவ்தான். இருபது வருட அனுபவம், ஆயிரம் பேரிடம் பேசியிருக்கிறேன் என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் தானே பார்த்தமாதிரி சொல்லிக்கொண்டு போவார். ஜூரி தலையாட்டிக்கொண்டே கேட்கும்.

2016-க்கு முன் அதைத் தடுப்பது கஷ்டம். அந்த ஆண்டு சான்செஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. சிவப்பு எந்தக் கூட்டத்தின் நிறம், எந்தச் சைகைக்கு என்ன அர்த்தம் என்ற பொதுத் தகவலை நிபுணர் சொல்லலாம். ஆனால் ‘இந்தப் பையன் இந்தத் தேதியில் இந்தப் பூங்காவில் இன்னாரோடு நின்றான்’ என்பது வழக்கின் குறிப்பான உண்மை. அதை வேறு போலீஸ்காரர் எழுதிய கார்டைப் படித்துவிட்டு வந்து இவர் சொல்ல முடியாது. கார்டை எழுதியவரே வந்து, தான் கண்டதைச் சொல்லிக் குறுக்கு விசாரணைக்கு நிற்க வேண்டும். 2021-இல் வலென்சியா வழக்கு இதே விதியைப் பழைய குற்றங்களுக்கும் பொருத்தியது. கோர்ட்டின் சான்றுபெற்ற ஆவணமோ நேரில் அறிந்த சாட்சியோ வேண்டும். உங்கள் மகனின் பூங்காக் கார்டை எழுதியவர் இன்னும் அதே டிபார்ட்மென்ட்டில் இருக்கிறாரா என்று வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள்.

‘வடக்குப் பசங்க பக்கம் போடுங்க’ என்றதற்காக மகனைத் திட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். பாவம், அடிபடாமல் இருக்கச் சொல்லியிருக்கிறான். சிறையில் பாதுகாப்புக்காக அந்தக் கேள்வியைக் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். ஆனால் மிராண்டா எச்சரிக்கை (பேசாமல் இருக்கலாம், வக்கீலைக் கேட்கலாம் என்று போலீஸ் சொல்ல வேண்டியது) தராமல் வாங்கிய அந்தப் பதிலைக் குற்றத்தை நிரூபிக்கும் சாட்சியமாக அரசுத் தரப்பு வைக்கக் கூடாது என்று 2015-இல் எலிஸால்டே வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. எதிர்த்தரப்பு தானாக அதை ஒதுக்கி வைக்காது. உங்கள் வக்கீல் மனு போட வேண்டும்.

ராப் வீடியோவுக்கும் 2023 முதல் சாட்சியச் சட்டத்தில் 352.2 என்ற பிரிவு இருக்கிறது. பாட்டும் கவிதையும் கற்பனை என்பதை நீதிபதி முதலில் மனதில் கொள்ள வேண்டும்; சம்பவத்துக்கு நெருங்கிய காலத்தில் எழுதப்பட்டதா, குற்றத்தோடு அவ்வளவு ஒத்துப்போகிறதா, வெளியில் யாருக்கும் தெரியாத விவரம் அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்னால் நின்று தலையாட்டிய பையனுக்கு எதிராக இது அதிகம் பேசாது என்பது என் கணிப்பு.

கேங் ஆட்கள் என்று போலீஸ் சந்தேகிப்பவர்களைப் பதிந்துவைக்கும் ‘கால்கேங்’ பட்டியலில் பேர் இருக்கிறதாமே என்று பயந்திருக்கிறீர்கள். 2016-இல் மாநிலத் தணிக்கையாளர் அந்தப் பட்டியலைப் பரிசோதித்தபோது, சேர்க்கப்பட்ட சமயத்தில் ஒரு வயதுகூட ஆகாதவர்களாகப் பதிவான 42 பேர் அதில் இருந்தார்கள். அதில் 28 பேர் ‘தாங்களே கேங் என்று ஒப்புக்கொண்டவர்கள்’! பேரைச் சேர்க்கும் முன் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்பதும், நீக்கக் கோரி கோர்ட்டுக்குப் போகலாம் என்பதும் இன்று சட்டம். பூங்காச் சம்பவத்தின்போது மகனுக்கு 17 வயது. அப்போதே சேர்த்திருந்தால் உங்களுக்கும் கடிதம் வந்திருக்க வேண்டும்.

என்னை உறுத்துவது அந்த ஒரு சத்தம்

படம், தொப்பி, வீடியோ எல்லாவற்றையும் சேர்த்து வைத்தாலும், காரிலிருந்து “நோர்ட்டே” என்று கத்தியதாகச் சொல்லும் அண்டை வீட்டுக்காரரின் வாக்குமூலத்துக்கு ஈடாகாது. குண்டுபட்ட பையன் எதிர்க் கூட்டத்தோடு பழகுபவனாக இருந்தால் ‘எதிரியைக் குறிவைத்தல்’ என்று சட்டம் சொல்லும் ஆதாயத்துக்குள் இது வந்துவிடும். இதை உங்களிடம் மறைத்து ஆறுதல் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

ஆனாலும் கேள்விகள் இருக்கின்றன. அவர் எவ்வளவு தூரத்தில் நின்றார்? 911-க்குப் போன் செய்தபோதே இதைச் சொன்னாரா, டிடெக்டிவ் வந்து கேட்டபிறகு ஞாபகம் வந்ததா? அந்த முதல் போன் பதிவு வக்கீல் கைக்கு வந்துவிட்டதா? கத்தியது யார்? ஓட்டுநர் இருக்கையில் இருந்தவனுக்கு அது கத்திய கணத்தில்தான் தெரிந்தது என்றால், உதவும் நோக்கம் அதற்கு முன்பே இருந்ததாக எப்படிச் சொல்வது?

இன்னொன்று: 2022 முதல், கேட்டுக்கொண்டால் கேங் குற்றச்சாட்டைத் தனிக்கட்டமாக, குற்றம் நிரூபணமான பிறகுதான் விசாரிக்க வேண்டும். அது 1109 பிரிவு. கேட்டால்தான். மறக்காமல் கேட்கச் சொல்லுங்கள். காரணம் என்ன என்று காட்ட முதல் கட்டத்திலும் கொஞ்சம் கேங் பேச்சை நுழைக்கப் பார்ப்பார்கள். அதை நீதிபதி எவ்வளவு அனுமதிப்பார் என்பது பெரிய சண்டையாக இருக்கும்.

4 ஆண்டு ஒப்பந்தம்

ஆயுளோடு ஒப்பிட்டால் 4 ஆண்டு சிறியதுதான். கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அவர்கள் கேட்பது எது என்று பாருங்கள்: நிரூபிக்கச் சிரமமான கேங் பகுதியை உங்கள் மகனே ஒப்புக்கொண்டு தர வேண்டும் என்கிறார்கள். மேலே சொன்ன எதையும் பிறகு அவர்கள் நிரூபிக்க வேண்டியதில்லை.

பின்னாலும் அது தொடரும். பிந்தைய உடந்தை தானாகப் பெரிய குற்றமல்ல. கேங் சேர்த்து ஒப்புக்கொண்டால் அது ‘ஸ்ட்ரைக்’ ஆகிவிடும், அதாவது அடுத்த தண்டனையைக் கூட்டும் முன்குற்றமாக எண்ணப்படும். நாளை வேறொரு ஃபெலனியில் (கடுங்குற்றத்தில்) மாட்டினால் தண்டனை இரட்டிப்பு. வெளியே வந்ததும் போலீஸில் கேங் குற்றவாளியாகப் பதிய வேண்டும். உள்ளேயும் அந்த முத்திரையோடுதான் இருப்பான்.

ஆகவே வேண்டாம் என்கிறேனா? இல்லை. அந்தச் சாட்சி உறுதியாக நின்றால், மகனின் போனில் மோசமான மெஸேஜ் இருந்தால், 4 ஆண்டு அதிர்ஷ்டம். அந்தக் கணக்கைப் போட முழு ஃபைலும் பார்த்தவரால்தான் முடியும். நான் சொல்வது, மறுபேரம் பேசச் சொல்லுங்கள் என்பது: ஆண்டு கொஞ்சம் கூடினாலும் கேங் இல்லாத ஒப்புதலாக இருக்கட்டும். ப்ரிலிமினரி ஹியரிங்கில் (வழக்கை முழு விசாரணைக்கு அனுப்ப ஆதாரம் இருக்கிறதா என்று நீதிபதி பார்க்கும் முதல் கட்டத்தில்) கேங் ஆதாரம் பலவீனமாகத் தெரிந்தால், 995 மனு போட்டு அதைத் தள்ளச் சொல்லலாம். அதன்பிறகு அவர்கள் பேரமும் இறங்கும். எல்லாம் நிரூபணமாகிவிட்டாலும், துப்பாக்கிக்கான கூடுதல் தண்டனையைத் தள்ளவோ குறைக்கவோ நீதிபதிக்கு 2018 முதல் அதிகாரம் உண்டு.

வீட்டை அடமானம் வைத்துத் தனி வக்கீல் பிடிக்கட்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவசரம் வேண்டாம். பப்ளிக் டிஃபெண்டர் அரசு தரும் இலவச வக்கீல் என்பதால் மட்டம் என்ற எண்ணம் நம்மவர்களிடம் அதிகம். கேங் வழக்குகளில் தினமும் நிற்பவர்கள் அவர்கள்தான். நம் தரப்புக்கு ஒரு கேங் நிபுணரை அமர்த்தப்போகிறீர்களா, 1109 மனு போட்டாயிற்றா என்று அவரிடம் கேளுங்கள். தெளிவாகப் பதில் வந்தால் வீடு அப்படியே இருக்கட்டும்.

கிரீன் கார்டு

கடைசியாக ஒரு நல்ல செய்தி இருக்கலாம். மகனுக்கு 16 வயதிருக்கும்போது நீங்கள் இருவரும் சிட்டிசன் ஆனீர்கள், அவனுக்குத் தனியாக விண்ணப்பிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 2001 பிப்ரவரி முதல் நடப்பில் இருக்கும் குழந்தைகள் குடியுரிமைச் சட்டப்படி, 18 வயதுக்குள் கிரீன் கார்டோடு, சிட்டிசனான பெற்றோரின் பொறுப்பில் அமெரிக்காவில் வாழ்ந்த பிள்ளை தானாகவே சிட்டிசன் ஆகிவிடுகிறான். விண்ணப்பம் அதற்கான சான்றிதழுக்குத்தான், குடியுரிமைக்கு அல்ல. அவனை வெளியேற்றும் பேச்சே எழாமல் போகலாம். இது ஒப்பந்தக் கணக்கையும் மாற்றும். ஒருவேளை இது பொருந்தாவிட்டால், எதை ஒப்புக்கொண்டாலும் குடியேற்ற விளைவு என்ன என்று வக்கீல் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். 2010-இல் படில்லா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைக் கடமையாக்கிவிட்டது.

உங்கள் இருவரின் நேச்சுரலைசேஷன் சான்றிதழ், மகனின் கிரீன் கார்டு, பிறப்புச் சான்றிதழ், அந்த வருடத்துப் பள்ளிக்கூட முகவரி காட்டும் ஏதாவது ஒரு காகிதம், இவற்றின் நகல்களோடு அடுத்த வாய்தாவுக்கு முன் பப்ளிக் டிஃபெண்டர் ஆபீஸுக்குப் போங்கள். அங்கே குடியேற்றச் சட்டம் பார்க்கும் வக்கீல் இருக்கிறாரா என்று வரவேற்பிலேயே கேளுங்கள்.